குழலில் பிறந்த ஊர்! கத்தியில் பிறந்த தேதி!

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய காசு சேர்ப்பவர்களும் உண்டு. பிரான்சு நாட்டில் சிலர் துப்பாக்கி சேர்க்கிறார்கள்!

சுடுவதற்கு அல்ல. சுவரில் மாட்டுவதற்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பழைய துப்பாக்கியை அவர்கள் புத்தகம் போலப் படிக்கிறார்கள்.

அவர்கள் ஆசையோடு தேடுவது "ஷாஸ்போ" துப்பாக்கி. அதைச் செய்தவர் அந்துவான் ஷாஸ்போ. 1866-ம் ஆண்டு பிரெஞ்சு ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

ரப்பர் செய்த வேலை

அப்போது பிரஷ்ய நாட்டுச் சிப்பாய்களிடம் "டிரைசே" என்ற துப்பாக்கி இருந்தது. அதில் ஒரு குறை. சுடும்போது பின்பக்கம் புகையும் நெருப்பும் கசியும். முகம் சுட்டுவிடுமே என்று பல சிப்பாய்கள் துப்பாக்கியை இடுப்பில் வைத்தே சுட்டார்கள். குறி எப்படிச் சரியாக இருக்கும்?

ஷாஸ்போ ஒரு ரப்பர் வளையத்தை வைத்தார். வெடிக்கும்போது ரப்பர் பிதுங்கி, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கசிவு அடங்கியது. 1,200 மீட்டர் தூரம் வரை குறி பார்க்க அதில் அளவு போட்டிருந்தது. டிரைசேக்கு ஏறக்குறைய அதில் பாதி தூரம்தான்!

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆகஸ்டு 18-ந் தேதி சேன் பிரிவா என்ற கிராமத்தில் பிரஷ்ய கார்டு படை முன்னேறியது. ஷாஸ்போ குண்டுகள் பாய்ந்தன. அந்தப் படையில் சுமார் 8 ஆயிரம் பேர் செத்தும் காயமடைந்தும் விழுந்தார்கள்.

துப்பாக்கி ஜெயித்தது, நாடு தோற்றது

ஆனாலும் போரில் தோற்றது பிரான்சுதான்! காரணம் என்ன? பிரஷ்யாவின் குருப் பீரங்கிகள் சிறந்தவை. படை திரட்டும் வேகமும் அவர்களுக்கு அதிகம். செப்டம்பர் 2-ந் தேதி சேடன் நகரில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி 3-ம் நெப்போலியனே சரண் அடைந்தார்.

கைப்பற்றிய ஷாஸ்போக்களில் பலவற்றை ஜெர்மானியர்கள் விடவில்லை. நீளத்தை வெட்டிக் குறைத்து, தங்கள் குதிரைப்படைக்குக் கொடுத்தார்கள். பிரான்சில் பிறந்த துப்பாக்கி எதிரி வீட்டில் வேலை பார்த்தது! அப்படிப்பட்டவற்றில் ஜெர்மன் முத்திரையும் இருக்கும்.

ஏன் அபூர்வம்?

ஷாஸ்போ தோட்டா காகிதத்தால் ஆனது. ஈரம் பட்டால் கெடும். ஆகவே 1874-ல், கிரா என்ற அதிகாரியின் யோசனைப்படி உலோகத் தோட்டா வந்தது. ஏராளமான ஷாஸ்போக்களை அதற்கு ஏற்றபடி மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் தப்பிய துப்பாக்கிக்கு இன்று மதிப்பு அதிகம்.

1884-ல் பால் வியே புகை இல்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து 1886-ல் "லெபெல்" துப்பாக்கி பிறந்தது. புகையற்ற மருந்தில் சுட்ட முதல் ராணுவத் துப்பாக்கி அதுதான். குழலுக்கு அடியில் 8 தோட்டாக்களை வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். முதல் உலகப் போரிலும் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதைத் தூக்கினார்கள்.

எப்படிப் படிப்பது?

ஷாஸ்போவின் குழலில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். "எஸ்" என்றால் சேன் எத்தியேன் நகரத் தொழிற்சாலை. முனையில் மாட்டும் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் தொழிற்சாலைப் பெயர், மாதம், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும்.

துப்பாக்கிக்கு ஒரு நம்பர் உண்டு. கத்தியிலும் நம்பர் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சேர்ப்பவருக்குக் கொண்டாட்டம்! நம்பர் வேறாக இருந்தால், இரண்டையும் யாரோ பிறகு ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பளபள என்று மின்னுவதை வாங்கி வருகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் துருவோடு முத்திரையையும் தேய்த்திருப்பான். கட்டையில் சிப்பாய் கீறிய அடையாளமும் போயிருக்கும். போனது திரும்ப வராது. ஆகவே அனுபவசாலிகள் மெல்லிய துணியும் கொஞ்சம் எண்ணெயும் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழசுதானே என்று அலட்சியம் கூடாது. குழலுக்குள் மருந்தும் குண்டும் இருக்கலாம்! விவரம் தெரிந்தவர் சோதித்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பாரிஸ் நகரில் இன்வாலிட் மாளிகையில் ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. சேன் எத்தியேன் நகர அருங்காட்சியகத்திலும் துப்பாக்கிகள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அவை அமைதியாக நிற்கின்றன.

ஒவ்வொன்றையும் ஒரு வாலிபன் தோளில் சுமந்திருப்பான். அவன் பெயர் துப்பாக்கியில் இல்லை. நம்பர் மட்டும் இருக்கிறது. அதையும் தேய்த்து அழித்துவிடாமல் காப்பதுதான் சேர்ப்பவரின் கடமை.