கொழுந்துக் கணக்கும் கணனிப் பாடமும்

கணனி வாயிலாகவே கணனி நிரலாக்கத்தைக் கற்பித்தல் இன்று பெருவழக்காயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தொடக்கநிலை நிரலாளர்க்குரிய பயிற்சியை இணையவழி இலவசமாக அளிக்கின்றது. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் லயத்து மாணவர்க்கும் அவ்வாயில் திறந்தேயுளது. ஆயின், இத்தகைய இணையப் பாடங்களிற் சேர்வோருட் பெரும்பாலார் அவற்றை முடிப்பதில்லை என்பது உலகெங்கும் கண்ட உண்மை. மாணவரின் ஊக்கத்தைக் குறை கூறுமுன் பாடம் அமைந்த முறையை ஆராய்தல் தகும்.

1985 இல் சுவெல்லர், கூப்பர் என்னும் ஆய்வாளர் இருவர், அட்சரகணிதம் பயில்வோரிடை ஒன்றைக் கண்டனர். கணக்குகளைத் தாமே தீர்க்க முயன்றோரினும், செய்து காட்டப்பட்ட கணக்குகளை நன்கு படித்தோர் விரைவிற் கற்றனர். புதியவன் மனம் ஒருங்கே தாங்கக்கூடியவை மிகச் சிலவே என்பது இதற்குக் காரணம். ஆதலின், நிரலாக்கத்திலும் முதலில் முழு நிரலைக் காட்டி, அதன் விடையை ஊகிக்கச் செய்தல் வேண்டும். அடுத்து ஒரு வரி குறைந்த நிரலைத் தரலாம். வெற்றுத் திரை அதன் பின்னரே வருதல் முறை.

எடுத்துக்காட்டு மாணவன் அறிந்த பொருளாதல் வேண்டும். மலையகத்தில் அது கொழுந்து நிறுவை. ஒரு நாளில் மும்முறை நிறுத்த கொழுந்து 7, 6, 9 கிலோ எனக் கொள்வோம். பைதன் மொழியில், தட்டச்சிடும் எண்ணை எண்ணாக மாற்றாது கூட்டினால் 22 வராது, 769 வரும். கணனி அவற்றை எழுத்துக்களாகவே கருதி ஒட்டிவிடுகின்றது. 769 கிலோ கொழுந்தை ஒருவர் ஒரு நாளில் ஆய்தல் இயலாது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பான். வங்கி வட்டிக் கணக்காயின் அதனை நம்பியிருப்பான்.

பிழை திருந்தியபின், நிறுவைதோறும் சாக்குக்கென 1 கிலோ கழித்தால் 19. நாளளவு 18 ஆயின் மேலதிகம் 1. கழிவை 2 ஆக்கினால் 16. மேலதிகம் மறைந்து குறைவு தோன்றும். கழிவு பற்றித் தாய் முறையிடக் கேட்டு வளர்ந்தவனுக்கு ‘மாறி’ என்னும் சொல்லின் பொருள் இங்கே விளங்கிவிடும்.

மொழியும் ஒரு தடையே. முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ தமிழிலேயே நிரல் எழுத இடந்தருவது. தொழிலுலகம் வேண்டுவதோ ஆங்கிலக் கட்டளைச் சொற்கள். 2008 இல் வெளிவந்த பைதன் 3, மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட இசைகின்றது. கட்டளைகளை ஆங்கிலத்தில் விட்டு, ‘கொழுந்து’, ‘கழிவு’ எனப் பெயரிட்டு, பிழைச் செய்திகளைத் தமிழில் விளக்குதல் நடுவழியாகும். நீண்ட காணொளிகளினும், ஒருமுறை இறக்கி வைத்துத் தொடர்பின்றியும் படிக்கத்தக்க எழுத்துப் பாடங்களே, அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கு லயங்களுக்கு உகந்தவை.