முப்பது பவுனில் ஒரு வருஷம்

எடியல் கிராமத்துப் பள்ளிக்கூடம் மாணாக்கர் சேராமல் மூடப்பட்டதும், 1737 மார்ச் மாதத்தில் ஸாமுவேல் ஜான்ஸன் தம் மாணாக்கரான டேவிட் காரிக்குடன் லண்டனுக்குப் புறப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அகராதியின் கதையைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் குறிப்புகளைப் புரட்டுகையில் எதிர்ப்பட்ட ஒரு சிறு கணக்கு, அதைச் சொல்லி முடிக்காமல் என்னை மேலே நகர விட மறுக்கிறது.

பர்மிங்ஹாமில் ஜான்ஸனுக்குப் பழக்கமான ஐரிஷ் சித்திரக்காரர் ஒருவர், லண்டனில் தாமே பல வருஷம் அநுஷ்டித்துப் பார்த்த ஜீவன முறையை அவருக்கு உபதேசித்திருந்தார். வருஷத்துக்கு 30 பவுன் இருந்தால் ஒருவன் அந்த மாநகரத்தில் எவருடைய அலட்சியத்துக்கும் ஆளாகாமல் வாழலாம் என்பது அவருடைய சித்தாந்தம். துணிமணிக்கு 10 பவுன், கூரையடி அறைக்கு வாரம் 18 பென்ஸ், ரொட்டியும் பாலுமாகக் காலை ஆகாரம் 1 பென்னி, பகல் போஜனம் 6 பென்ஸ், இரவில் உபவாசம், காப்பிக் கடைக்கு 3 பென்ஸ். நானே காகிதமும் பென்ஸிலுமாக உட்கார்ந்து கூட்டினேன். துணி நீங்கலாக 19 பவுன் 2 ஷில்லிங் 2 பென்ஸ் ஆகிறது. துணியையும் சேர்த்தால், 30 பவுனில் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சுகிறது!

அந்தக் கணக்கில் என்னைப் பரவசப்படுத்துவது காப்பிக் கடைக்கான 3 பென்ஸ். இராச் சாப்பாட்டையே துறந்துவிட்டவர், காலை ஆகாரத்தைப் போல் மும்மடங்கு பணத்தை இதற்கு ஏன் ஒதுக்கினார்? அதைக் கொடுத்தால் தினமும் சில மணி நேரம் உயர்ந்த மனிதர்களின் சகவாசம் கிடைக்கும். ஜாகை எங்கே என்று விசாரிப்பவர் அபூர்வம். விசாரித்தாலும், இன்ன கடையில் என்னைப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். சலவைச் சட்டை அணியும் தினங்களில் மட்டும் பெரிய மனிதர் வீடுகளுக்குப் போய்வருவார். லிச்பீல்டில் ஜான்ஸன் நொடித்துப்போன புத்தக வியாபாரியின் மகன் என்பது ஊரறிந்த விஷயம். வறுமையை ஒரு பரிசாரகனைத் தவிர வேறொருவரும் அறியாமல் அநுபவிக்கும் சுதந்தரத்தை அவருக்கு முதலில் அளித்தது பட்டணந்தான். பணமும் கீர்த்தியும் பிற்பாடு வந்தவை.

நியூ தெருவில் 'பைன் ஆப்பிள்' என்ற போஜனசாலையில் அவர் சாப்பிட்டது 8 பென்ஸுக்கு: மாமிசம் 6, ரொட்டி 1, பரிமாறுபவனுக்கு 1. பக்கத்தில் இருந்தவர்கள் திராட்சை மதுவும் சேர்த்து ஒரு ஷில்லிங் செலவழித்தும் பரிமாறுபவனுக்கு ஒன்றும் கொடாததால், தமக்கே உபசாரம் அதிகமாக நடந்தது என்று வயோதிகத்திலும் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தாராம்.

வருமானத்துக்கு வழி திறந்தவர், கிளார்க்கன்வெல் செயின்ட் ஜான்ஸ் வாசலில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' நடத்திய எட்வர்ட் கேவ். அவருக்காகப் பார்லிமெண்ட் விவாதங்களை எழுதியதோடு, ராபர்ட் டாட்ஸ்லிக்கு 10 கினிக்கு விற்ற 'லண்டன்' காவியத்தால் 1738-இல் பெயரும் பரவிற்று. ஆயினும் 1744-இல் 'ஸாவேஜ் சரித்திரம்' வெளியான சமயத்திலும் உடை கந்தலாகவே இருந்தது. கேவின் வீட்டில் விருந்துண்ட வால்டர் ஹார்ட்டே அந்த நூலைப் புகழ்ந்து பேச, பிறகொரு நாள் கேவ், அன்று நீர் ஒரு மனிதனை மிக்க ஆனந்தத்தில் ஆழ்த்தினீர் என்றார். எப்படி என்று திகைத்தவருக்கு விடை கிடைத்தது: திரைக்குப் பின்னால் ஒரு தட்டு உணவு அனுப்பப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? சபையில் தலைகாட்டக் கூசிய ஜான்ஸன் அங்கேதான் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டே வருஷம் கழித்து, 1746 ஜூனில், புத்தக வெளியீட்டாளர்கள் சிலர் ஒன்று சேர்ந்து அகராதிக்காக அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தொகை 1,500 கினி. கஃப் சதுக்கத்து மேல்மாடியில் ஆறு எழுத்தர்களை வைத்துக்கொண்டு அவர் அதைச் செலவழித்த வகை அடுத்த வாரம்.