எழுபது வளைவு இறங்கி கப்பல் ஏறினோம்!

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து என் ஓரகத்தி போன் பண்ணினாள். "அக்கா, நீங்க பாப்பாவைத் தூக்கிக்கிட்டு கப்பல்ல போயிட்டு வந்தீங்கல்ல... இப்ப இவரு எங்களையும் கூப்பிடுறாரு. குழந்தைக்கு ஒன்றரை வயசுதான் ஆகுது. போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"போ" என்றோ "போகாதே" என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கைக்குழந்தையோடு கப்பல் பயணம் பற்றி யோசிக்கிற மற்ற சகோதரிகளுக்கும் உதவட்டுமே!

எங்கள் ஊர் கொல்லிமலை ஆலத்தூர் நாடு. மலையை விட்டு இறங்க காரவள்ளி பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. 2022-ல் என் மகளுக்கு ஒரு வயசும் பத்து மாசமும். கொழுந்தனாருக்கு அப்போதுதான் சென்னையில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அந்த வருஷம் ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்ததை டி.வி.யில் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணி, அம்மா இதுவரைக்கும் கடலையே பார்த்ததில்ல. எல்லாரும் சேர்ந்து போவோம். செலவுல பாதி நான் போடறேன்" என்றார். மீதிப் பாதி எங்கள் மிளகு விற்ற காசு.

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

அதற்கு நாலு மாசம் முன்னால் ஒரு ராத்திரி, பாப்பாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. கடைசி பஸ் போய்விட்டது. ஜீப் பிடித்து செம்மேடு போய், அங்கிருந்து மலை இறங்கி நாமக்கல் சேர்வதற்குள் குழந்தை துவண்டு போனாள். ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். அந்த ராத்திரியை இன்னும் மறக்க முடியவில்லை. மலையிலிருந்தாவது வளைந்து வளைந்து இறங்கிவிடலாம். நடுக்கடலில் குழந்தைக்கு ஒன்று ஆனால் எங்கே இறங்குவது?

கொழுந்தனார் விடவில்லை. "அந்தக் காலத்துல கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரஜூலா கப்பல்ல பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகலையா அண்ணி?" என்றார். உண்மைதான். 1926-ல் கட்டிய ரஜூலா, ஏறக்குறைய 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் அவர்கள் போனது பிழைப்புக்காக. நாம் போவது சந்தோஷத்துக்காக. சந்தோஷத்துக்குப் போகிற இடத்தில் குழந்தையைக் கஷ்டப்படுத்தலாமா?

"பாப்பாவை உங்க அம்மா வீட்ல விட்டுட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். பால் மறக்காத குழந்தை. அதற்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை. "நான் வரலை, நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் மெதுவாக, "நீயும் புள்ளையும் வரலைன்னா எனக்கும் வேண்டாம் கண்ணு. கடல் எங்க ஓடிப்போகுது?" என்றார். அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. பயந்து ஒதுங்குவதைவிட விசாரித்து முடிவு செய்வோம் என்று ஒரு நோட்டு எடுத்துக் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன்.

எத்தனை மாசக் குழந்தையை ஏற்றுவார்கள்?

ராயல் கரீபியன் போன்ற பெரிய கம்பெனிகள் பொதுவாக ஆறு மாசம் நிறைந்த குழந்தையைத்தான் ஏற்றுகிறார்கள். கரையே தொடாமல் தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடலில் போகும் பயணம் என்றால் ஒரு வயசு நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 24-வது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்ற மாட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் பயணம்?

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஐந்து ராத்திரி விசாகப்பட்டினம் வரை போவது ஒன்று. இரண்டு ராத்திரி கடலுக்குள் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்புவது இன்னொன்று. "ஐந்து நாள்தான் லாபம்" என்றார் ஏஜெண்ட். நான் இரண்டு ராத்திரிதான் என்று பிடிவாதமாக நின்றேன். முதல் தடவை குழந்தையோடு போகிறவர்களுக்கு ஊர் பார்ப்பது முக்கியமில்லை, கரை கிட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். தவிர, அட்டவணையில் போட்ட ஊரெல்லாம் நிச்சயமும் இல்லை. அந்த ஜூன் மாசமே புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்பியதைப் பேப்பரில் படித்தோமே!

எந்த மாசம்?

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். மும்பை, கோவா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும். இரண்டையும் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். நாங்கள் ஆடிப் பதினெட்டு, வல்வில் ஓரி விழா எல்லாம் முடிந்து ஆகஸ்டில் சென்னையிலிருந்து கிளம்பினோம்.

எந்த அறை?

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. முனையிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம். பால்கனி அறை அழகுதான், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயசுக் குழந்தைக்கு அது வேண்டாம். கண்ணாடி ஜன்னல் மட்டும் உள்ள அறையே போதும். குழந்தைத் தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். அறைக் கதவுகள் கனமானவை. பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளாமல் கவனம் தேவை.

குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறது?

விளம்பரப் படத்தில் குழந்தைகள் நீச்சல் குளத்தில் துள்ளுவார்கள். ஆனால் டயபர் போடுகிற குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். விளையாட்டு அறையில் தனியாக விட்டுவிட்டு வருவதென்றால் பெரும்பாலும் மூன்று வயசு ஆகி, கழிப்பறைப் பழக்கமும் வந்திருக்க வேண்டும். ஆக, இரண்டு வயசுக்குள் உள்ள குழந்தைக்காகக் கப்பல் வசதி எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். அவளுக்கு வேண்டியது அம்மாவும் பாட்டியும்தான்.

எங்கள் ஏஜெண்ட், "குழந்தைக்கு ஒரு பைசா வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, கிளம்புகிற வாரம் வரியும் துறைமுகக் கட்டணமும் கேட்டார். வாக்குவாதம் செய்து பிரயோஜனமில்லை, கட்டினோம். எதையும் எழுத்தில் வாங்குங்கள்!

சாப்பாடும் மருந்தும்

பாப்பாவுக்குச் சத்துமாவு, பால் பவுடர் எடுத்துக்கொண்டோம். குழந்தை உணவுக்குப் பொதுவாகத் தடையில்லை. தண்ணீர் சுட வைக்கும் கெட்டில், காயில் போன்றவற்றுக்கு அனுமதியில்லை. பிளாஸ்க் கொண்டுபோனால் வெந்நீர் பிடித்துத் தருவார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஜுர மருந்து, தெர்மாமீட்டர் மூன்றும் கட்டாயம். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் குழந்தை டாக்டர் இருப்பார் என்று நம்பிப் போகக்கூடாது. தலைசுற்றல் மாத்திரையைப் பெரியவர்களுக்கு வாங்கினது என்று குழந்தைக்கு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது. பொதுவாக இரண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயணத் தலைசுற்றல் குறைவு. அதற்கு மேல்தான் அதிகம். வயிற்றுப்போக்குக் கிருமிகள் கூட்டத்தில் சீக்கிரம் பரவும். பாட்டிலில் வைத்திருக்கும் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இத்தனையும் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. "சரி, போலாம்" என்றேன். அத்தை அன்றைக்கே புதுப் புடவையை எடுத்து வைத்துவிட்டார்!

ஏறியவுடன் எல்லோரையும் கூப்பிட்டு ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு, 2015-லிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்பது உலக விதி. "குழந்தை தூங்குது" என்று யாரும் அறையிலேயே இருந்துவிட வேண்டாம். குழந்தை அளவு மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டு வாங்கினேன்.

அத்தை கடலை முதல்முதலாகப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ராத்திரிக்கு இதை எங்க நிறுத்துவாங்க?" நிற்காது, விடிய விடிய ஓடும் என்றேன். "அப்ப டிரைவர் தூங்க மாட்டாரா? பாவம்!" என்றார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைப் பாதையில் வண்டி ஓட்டுபவரின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டே பழகியவர்கள் நாங்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி, நான் பயந்தது நடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பாப்பா வாந்தி எடுத்தாள். ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த ஜீப், அந்த வளைவுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. அத்தைதான் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "மருந்துப் பையை எடு கண்ணு" என்றார். ஜுரம் இல்லை. ஓ.ஆர்.எஸ். கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். மறுபடி வாந்தி வரவில்லை. சாயங்காலம் சித்தப்பா செல்லமாகக் கொடுத்த இரண்டு கப் ஐஸ்கிரீம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது!

ஆனாலும் விடிகிற வரைக்கும் நான் தூங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டேன். விடிந்தால் சென்னை. ஐந்து ராத்திரி டிக்கெட் எடுத்திருந்தால், இன்னும் மூன்று ராத்திரி இதே தவிப்போடு கழிந்திருக்கும். காலையில் கரை தெரிந்ததும் அத்தை பாப்பாவை ஜன்னலில் நிறுத்தி, "அதோ பாரு சாமி, ஊரு!" என்று காட்டினார். அவளும் கை தட்டினாள்.

ஓரகத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான். "தாராளமா போ. ஆனா இரண்டு ராத்திரிக்கு மேல வேண்டாம். இலங்கை வரைக்கும் போற பயணம்னா குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுக்கணும், முன்கூட்டியே ஆரம்பி. எட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குக் கட்டணத்துல பத்து சதவீதம் தள்ளுபடின்னு 2017-லயே அறிவிச்சாங்க. காசு கம்மியாத்தான் இருக்குன்னா, நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குப் போற பயணிகள் கப்பலையும் விசாரிச்சுப் பாரு. நாலு மணி நேரம் போலத்தான் ஆகும். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, மழையால சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு. அதனால ஓடுதான்னு கேட்டுக்கிட்டு அப்புறம் பையைக் கட்டு."

இன்னொன்றும் சொன்னேன். "முடிஞ்சா அத்தையையும் கூட்டிட்டுப் போ."

சகோதரிகளே, வீட்டில் எல்லோரும் ஆசைப்படும்போது அம்மா மட்டும் பயப்பட்டால், "இவ எதுக்கெடுத்தாலும் இப்படித்தான்" என்பார்கள். அந்தப் பயத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். அதைக் கேள்வியாக மாற்றி ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பதில் கிடைத்தால் போங்கள். கிடைக்கவில்லையென்றால் குழந்தைக்கு மூன்று வயசு ஆகட்டும், பொறுத்துப் போங்கள். அத்தை சொன்னது போல, கடல் எங்கேயும் ஓடிப்போகாது!

- ஒரு வாசகி,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.