உமிக்குள் இருக்கும் மணல்

நெல்வயலில் களை எடுத்தவர்களுக்குத் தெரியும், பயிரின் இலை ஓரம் கையைக் கீறிவிடும். அந்தக் கூர்மைக்குக் காரணம் சிலிக்கா. மணலில் இருப்பதும் இதுவே. ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள்.

மண்ணிலுள்ள தாதுக்கள் மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலம் உண்டாகிறது. நெல்லின் வேர் அதை நீரோடு உள்ளே இழுக்கிறது. இதற்கென்றே வேர்ச் செல்களில் ஒரு புரத வாயில் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். மேலே போன நீர் ஆவியாகிவிட, அமிலம் செறிந்து, கண்ணாடி போன்ற சிலிக்காவாக இலையிலும் உமியிலும் தங்கிவிடுகிறது. பயிர் சாயாமல் நிற்கவும் குலைநோயைத் தாங்கவும் அது துணை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா.

ஆலையில் வழி வேறு. மணலையும் சோடியம் கார்பனேட்டையும் 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, சோடியம் சிலிகேட் ஆக்குகிறார்கள். அதை நீரில் கரைத்துக் கந்தக அமிலம் சேர்த்தால் வெண்ணிறச் சிலிக்கா வீழ்படிவாகும். கழுவி உலர்த்தினால் பற்பசைக்கும் டயருக்கும் போகும் தூள் தயார். துகளின் அளவையும் நுண்துளைகளையும் வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பலம். உமிச் சாம்பலிலோ கரியும் பொட்டாசியமும் கலந்திருக்கும்.

‘இயற்கை’ என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. பயிரில் இருப்பதும் ஆலையில் வீழ்படிவாவதும் படிகமாகாத சிலிக்காதான். நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் நோயைத் தருவது முக்கியமாகப் படிகச் சிலிக்காவின் நுண்தூசி. கல்குவாரித் தூசியில் அது இயற்கையாகவே இருக்கிறது. உமியையும் 700, 800 டிகிரிக்கு மேல் நெடுநேரம் எரித்தால், சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாக மாறத் தொடங்கும்.

இப்போது இரண்டு வழிகளும் இணைகின்றன. படிகமாகாத உமிச் சாம்பல், காஸ்டிக் சோடாக் கரைசலில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கரைந்து சோடியம் சிலிகேட் ஆகிவிடும். மணலை உருக்கும் உலை தேவையில்லை. இப்படிக் கிடைக்கும் சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாக குட்இயர் நிறுவனம் 2014-ல் அறிவித்தது. அரிசி ஆலைகளின் கொதிகலன்களில் எரிவதும் உமிதான். சூட்டை அளவோடு வைக்கும் ஆலைக்குச் சாம்பல் ஒரு சரக்கு. கண்டபடி எரிக்கும் ஆலைக்கு அது கொட்ட இடம் தேடும் குப்பை.