கர்ப்பிணி கேட்கும் "வலி மாத்திரை': ஒரே வில்லையில் இரு மருந்துகள்

திருப்பதி: சித்தூர், திருப்பதி மாவட்டக் கர்ப்பிணிகளுக்குத் திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை உள்ளது, சித்தூரிலிருந்து வேலூரும் தொலைவில்லை. எனினும், சத்தியவேடு பக்கத்துக் கிராமத்தில் இரவில் இடுப்புவலி கண்ட பெண்ணுக்கு முதலில் எட்டுவது மருந்துக் கடைதான். "வலி மாத்திரை' என்று மட்டும் கேட்டு வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தியச் சந்தையில் பல வலி மாத்திரைகள் கூட்டு மருந்துகள். பாராசிட்டமாலுடன் இபுபுரூஃபனோ, டைக்ளோஃபினாக்கோ சேர்ந்திருக்கும். பலரும் பெயர் சொல்லிக் கேட்கும் காம்பிஃபிளாமும் இவ்வகையே.

பாராசிட்டமாலை மருத்துவர் ஆலோசனையுடன், குறைந்த அளவில், சில நாள்கள் மட்டும் உட்கொள்ளலாம் என்பதே நெடுங்கால மருத்துவ நடைமுறை. இம்மருந்தை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பேசியபோது, அதற்கு உறுதியான ஆதாரமில்லை என உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. அச்சத்தால் கடும் காய்ச்சலைக் கவனியாமல் விடுவதும் கருவுக்குக் கேடுதான்.

உடன் சேர்ந்திருக்கும் மருந்து அப்படிப்பட்டதல்ல. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை 20-வது வாரத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 30 வாரங்களுக்கு மேல் இன்னோர் அபாயமும் உண்டு. பிறந்த பின்பே மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாய் கருப்பையிலேயே மூடத் தொடங்கலாம். ரத்த அழுத்தச் சிக்கலைத் தவிர்க்க மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இதில் சேராது. அதைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

1945-ம் ஆண்டு மருந்து விதிகளின்படி டைக்ளோஃபினாக், சீட்டிருந்தால் மட்டுமே விற்கத்தக்க "எச்' அட்டவணையில் உள்ளது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடும் உண்டு. வணிகப் பெயரைவிட மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான், ஆனால் எழுத்து ஆங்கிலம். தமிழும் தெலுங்கும் புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், ஆங்கிலம் அறியாதவருக்கு எழுத்து பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன?

மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-ல் தொடங்கப்பட்டது. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துச் சென்று அங்கே காட்டலாம். நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் அமில முறி மாத்திரையையும் மறக்காமல் காட்ட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும்.