சிமெண்ட் பாலை உறிஞ்சி எடுக்கும் தொழில்: சில கணக்குகள்

அமெரிக்காவில் ‘கான்கிரீட் வாஷ்அவுட்’ என்று ஒரு தொழில் இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய், ரெடிமிக்ஸ் லாரிகளும் கான்கிரீட் பம்புகளும் கழுவி ஊற்றிய தண்ணீரை அள்ளிக்கொண்டு வருவது. அவ்வளவுதான். முதலில் கேட்டபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. கழுவின தண்ணியை எடுத்துட்டுப் போக ஒரு கம்பெனியா?

கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் இதில் இறங்கலாமா என்று யோசிக்கிறார். டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகக்கூடிய ஒரு சின்ன வாக்குவம் மெஷின் விலைக்கு வருகிறதாம். “நல்லா இழுக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லு” என்றார். அதற்காகப் படித்ததையும் போட்ட கணக்கையும் இங்கே குறித்து வைக்கிறேன். இழுக்குமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். ஆனால் அது சரியான கேள்வி இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

ரெடிமிக்ஸ் லாரியின் பின்னால் சறுக்குமரம் மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்குமே, அதை சூட் என்பார்கள். கான்கிரீட் இறக்கி முடித்ததும் அதை அங்கேயே கழுவியாக வேண்டும். விட்டால் இறுகிவிடும், இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் ரோட்டில் சிந்தும். டிரம்மின் உள்பக்கத்தை பிளான்ட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம், சூட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் குறிப்பு ஒன்று சராசரிக் கணக்கு தருகிறது: ஒரு சூட்டைக் கழுவ சுமார் 7 கேலன், அதாவது 26 லிட்டர். கான்கிரீட் பம்பின் ஹாப்பரைக் கழுவ சுமார் 50 கேலன், கிட்டத்தட்ட 190 லிட்டர்.

நம் ஊர் கொத்தனார்கள் இந்தத் தண்ணீரைப் பார்த்தால் ‘சிமெண்ட் பால்’ என்பார்கள். பார்க்க மோர் மாதிரி சாதுவாக இருக்கும். உள்ளே கரைந்திருப்பது சுண்ணாம்பு. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது, அது முழுதாகக் கரைந்த நீரின் பிஹெச் 12.4 அளவுக்குப் போகும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோகிறதே, அதே சரக்கு. பிஹெச் என்பது ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு மாறும் அளவு. பிஹெச் 12 உள்ள நீரை வெறும் சுத்தத் தண்ணீர் கலந்தே 9-க்குக் கொண்டுவர வேண்டுமானால் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஒரே ஒரு சூட் கழுவிய 26 லிட்டருக்கு 26,000 லிட்டர்! சென்னையில் ஓடும் பெரிய தண்ணி லாரி ஒன்று வந்தாலும் போதாது. (நிஜ ஓடையில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகள் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் ஒரு வேலைக்கு வருவது ஒரு லாரி மட்டும் இல்லையே.) நன்னீர் உயிர்களுக்கு 6.5 முதல் 9 வரைதான் ஏற்ற அளவு என்கிறது அமெரிக்க அரசின் வரையறை.

அங்கே பெரும்பாலான ஊர்களில் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. தெருவோர வடிகாலில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகும். அதனால்தான் சட்டம் இதில் தலையிடுகிறது. 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டம்தான் அடிப்படை. 1990-ல் வந்த மழைநீர் விதிகள் 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமான இடங்களைப் பிடித்தன. 1999-ல் அறிவித்த இரண்டாம் கட்டம் அதை 1 ஏக்கருக்கு இறக்கியது. 2009 விதியில் கான்கிரீட் கழுவிய நீர் பெயர் சொல்லியே இடம்பெற்றது: தகுந்தபடி கையாளாமல் வெளியே விடக்கூடாது. மீறினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும். சின்ன கான்ட்ராக்டரும் இந்த வலைக்குள் வந்த பிறகுதான் சின்ன வாஷ்அவுட் சேவைக்கும் வேலை பிறந்தது.

வழக்கமான ஏற்பாடு இப்படி: தண்ணீர் ஒழுகாத ஒரு இரும்புத் தொட்டியைக் கொண்டுவந்து சைட்டில் வைத்துவிடுவார்கள். லாரிக்காரர்கள் அதற்குள் கழுவுவார்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. கல்லும் மணலும் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும், அதை உடைத்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பலாம். மேலே நிற்கும் தண்ணீர்தான் தலைவலி.

அந்தத் தண்ணீர் கழுவியதால் மட்டும் சேர்வதில்லை. 20 அடி நீளம், 8 அடி அகலமுள்ள ஒரு திறந்த தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல மழை பெய்தால் அதில் சுமார் 100 கேலன் ஏறிவிடும். 14 லாரி வந்து சூட் கழுவியதற்குச் சமம், ஒரு லாரியும் வராமலே! மழைத் தண்ணீர் கலந்தால் காரம் குறையும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அடியில் கிடக்கும் சேற்றில் சுண்ணாம்பு இருந்துகொண்டே இருக்கிறது, புதுத் தண்ணீரிலும் கரைந்து பிஹெச்சை மறுபடி தூக்கிவிடும். நாளைக்கு மழை, இன்றைக்குத் தொட்டி முக்கால் நிறைந்திருக்கிறது என்றால், சைட் பொறுப்பாளர் ஒரு போன் போட்டதும் வந்து மேல்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு போக ஆள் வேண்டும். வாக்குவத்தின் முதல் சம்பாத்தியம் இங்கேதான். கான்கிரீட்டை அள்ளுவதில் இல்லை.

சரி, நண்பர் கேட்ட கேள்வி. உறிஞ்சுவது என்பது உண்மையில் இழுப்பது கிடையாது, வெளிக்காற்று தள்ளுவதுதான். முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் காற்றழுத்தம் தண்ணீரை சுமார் 10.3 மீட்டர்தான் ஏற்றும். கிணறு ஆழமானால் சாதாரண அடிபம்பு கைவிரித்துவிடுவதும் இதனால்தான். பெரிய வாக்குவம் லாரிகள் 27 அங்குல பாதரசம் வரை போகும், அது தண்ணீர்க் கணக்கில் 9 மீட்டருக்குச் சற்று மேல். கடையில் வாங்கும் ஈர-உலர் வாக்குவம் ஒன்று 80 அங்குலத் தண்ணீர் என்று போட்டிருந்தால், அது 2 மீட்டர். சிமெண்ட் பால் தண்ணீரைவிட 1.3 மடங்கு கனம் என்று கொண்டால் ஒன்றரை மீட்டர். குழாய் வழியே காற்றையும் சேர்த்து இழுத்தால் துளித்துளியாக இதைவிட உயரமும் ஏறும். வாஷ்அவுட் தொட்டிகள் பொதுவாக இடுப்பு உயரம்கூட இருக்காது. ஆக, இழுக்கும். நன்றாகவே இழுக்கும். லிஃப்ட் குழி, பேஸ்மென்ட் என்று கீழே இறங்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

இழுத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் எடை. 16 கேலன் கொள்ளும் சின்ன வாக்குவம் இரண்டு சூட் கழுவியதில் நிறைந்துவிடும். நிறைந்தால் உள்ளே வெறும் தண்ணீரே 60 கிலோ, சிமெண்ட் பாலாக இருந்தால் 80 கிலோவுக்குக் கிட்டே. தனி ஆளாகத் தூக்கிக் கவிழ்க்க முடியாது. பெரிதாகப் போவோம் என்று 275 கேலன் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து நிரப்பினால் ஒன்றேகால் டன்னைத் தாண்டும், சாதாரண பிக்கப் வண்டியின் முதுகு அதைத் தாங்காது. ஒரு நடுத்தரத் தளம், 10 லாரி, ஒரு பம்ப் என்று வைத்துக்கொண்டால் 70 கேலனும் 50 கேலனும் சேர்த்து 120 கேலன், அரை டன்னுக்கு மேல். டிரெய்லர் மெஷினுக்கு இது ஒரு நடை. இரண்டு சைட் முடிக்க வேண்டுமானால் நடுவில் எங்காவது போய்க் காலி செய்தாக வேண்டும்.

அடுத்து சேறு. சிமெண்டுக்கு நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும்வரை காத்திருக்கத் தெரியாது. டாங்கின் அடியில் படிந்தது அங்கேயே இறுக ஆரம்பிக்கும். ஒரு நாள் கழுவாமல் விட்டால் ஒரு படலம், ஒரு வாரம் விட்டால் டாங்குக்குள் ஒரு தளம் போட்டாயிற்று. கொள்ளளவு குறையும், வெற்று வண்டியின் எடை கூடும். டாங்க் நிறைந்ததும் காற்றை அடைக்கும் மிதவை ஒட்டிக்கொண்டால் சிமெண்ட் பால் நேரே பம்புக்குள் போய் மணல் உரசியே அதைத் தின்றுவிடும். அதனால் விலை கேட்பதற்கு முன் நான் பார்க்கச் சொன்னவை: அடிப்பக்கம் கூம்பாக இருக்கிறதா, முழுதாகத் திறந்து கழுவ முடியுமா, பம்புக்கு முன்னால் ஈரத்தைப் பிடிக்கும் இன்னொரு பாத்திரம் இருக்கிறதா. குழாய் ஒன்றரை அங்குலமாக இருந்தால் முக்கால் அங்குல ஜல்லி இரண்டு சேர்ந்து வந்தாலே அடைத்துக்கொள்ளும், 2 அல்லது 3 அங்குலம் நல்லது. அழுத்தக் காற்றில் ஓடும் டிரம் வாக்குவங்களும் உண்டு. சுழலும் பாகமே கிடையாது, வேகமாக ஓடும் காற்றே வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். இந்த அழுக்கு வேலைக்கு எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் பெரிய கம்ப்ரஸர் வேண்டும்.

சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சர்க்கரையே அது செட் ஆவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும். டாங்கில் ஒரு கை போட்டால் சேறு இறுகாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரை ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் போடும் அடுத்த கலவையும் செட் ஆகாமல் நிற்கும்.

இப்போது உண்மையான கேள்வி: எங்கே கொட்டுவது? உறிஞ்சி எடுத்த அந்த நிமிடத்திலிருந்து அந்தத் தண்ணீருக்கு நீங்களும் பொறுப்பு. பிஹெச் 12.5-ஐத் தொட்டால் அமெரிக்க விதிப்படி அது அரிக்கும் தன்மையுள்ள அபாயக் கழிவு. அதன் போக்குவரத்துக்கும் காகிதங்களுக்கும் தனி விதிகள், சின்ன ஆபரேட்டர் தாங்கமாட்டார். சிமெண்ட் பால் இயல்பாகவே அந்தக் கோட்டுக்கு ஒட்டித்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கையில் பிஹெச் மீட்டர் இல்லாமல் இந்தத் தொழிலில் காலை வைக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே இருந்தாலும் சாக்கடையில் விட உள்ளூர் சுத்திகரிப்பு நிலையத்தின் அனுமதி வேண்டும்.

இருக்கிற வழிகளில் எளிது, ரெடிமிக்ஸ் பிளான்ட்டே வாங்கிக்கொள்வது. கழுவிய நீரைப் புதுக் கலவையில் சேர்க்க அங்கே தர அளவுகோலே இருக்கிறது. இன்னொன்று காரத்தைத் தணிப்பது. பள்ளிக்கூட லேபில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி கலங்குமே, அதேதான்: கரியமில வாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும், பிஹெச் இறங்கும். ஆசிட் ஊற்றியும் இறக்கலாம், ஆனால் கை தவறினால் மறுபக்கம் அமிலமாகிவிடும். கரியமில வாயு கொஞ்சம் கூடினாலும் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் சிமெண்டில் சிறிதளவு இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இதனால் போகாது. பிஹெச் 8 வந்துவிட்டது, இனி ஓடையில் விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: மெஷின் விலையை அப்புறம் பேசு. தண்ணியை யார் வாங்கிக்கிறாங்க, லோடுக்கு எவ்வளவு கேக்கறாங்க, எத்தனை மைல்னு முதல்ல கேளு. அந்த மூன்றும் தெரிந்தால் ஒரு நடைக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம். மெஷின் எவ்வளவு வேகமாக நிறைகிறது என்பது அந்தக் காகிதத்தில் வரவே வராது.

கூட வேலைக்கு வைக்கும் பையனுக்கு கையுறை, பூட்ஸ், கண்ணாடி வாங்கும் செலவும் அதில் இருக்க வேண்டும். ஈர சிமெண்ட் தோலை உடனே சுடாது. பூட்ஸுக்குள் இறங்கியது வலிக்கத் தொடங்குவதற்குள் சில மணி நேரம் ஆகியிருக்கும், தோல் வெந்திருக்கும்.

சின்ன வாக்குவத்துக்கு இன்னொரு நல்ல இடமும் உண்டு, என் கணக்கில் அதுவே மேல். முடிந்த கட்டடத்துக்குள் தளத்தை ரம்பத்தால் வெட்டுவார்கள், துளை போடுவார்கள், தேய்ப்பார்கள். பிளேடு சூடாகாமல் இருக்க ஊற்றும் தண்ணீர் சிமெண்ட் பாலாகி ஓடும். நான்காவது மாடிக்கு இரும்புத் தொட்டியும் போகாது, வாக்குவம் லாரியும் போகாது. லிஃப்டில் ஏறும் சக்கர வாக்குவம்தான் போகும். விட்டால் காய்ந்து பொடியாகிவிடும், அந்தப் பொடியில் இருப்பது சிலிக்கா, நுரையீரலில் தங்கும் சரக்கு. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் 2016 விதி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. காய்ந்த பிறகு விளக்குமாற்றால் பெருக்குவதையும் அது தடுக்கிறது, ஈரமாகவோ ஹெப்பா ஃபில்டர் வாக்குவத்தாலோ எடுக்க வழியே இல்லாவிட்டால் மட்டும் விதிவிலக்கு. இங்கே அளவும் சின்னது: ஒரு நாள் வெட்டினாலும் ஒன்றிரண்டு டிரம்தான், பிக்கப் வண்டியே தாங்கும். வெட்டும் ஆளுக்குப் பின்னாலேயே குழாயைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.