புள்ளிக்கு இடம் விடுங்கள்

ஒரு பயிற்சித் தாளைப் போட்டோ கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியையே மறுபடியும் கொப்பி எடுத்தால், முதலில் மங்குவது மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி. ‘பல்’ என்று அடித்தது ‘பல’ ஆகிவிடும். வாசித்துப் பழகியவர் இதைக் கவனிக்கவும் மாட்டார். இல்லாத புள்ளியை அவருடைய மூளையே வைத்துக்கொள்ளும். தரம் ஒன்றுப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. தாளில் இருப்பதை இருந்தபடி ‘பல’ என்று வாசிக்கும். அதைப் பிள்ளையின் பிழை என்று திருத்துவது அநியாயம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பள்ளிகளுக்குப் பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் தேவைப்படும் தாள்களை ஆசிரியர்கள் தாங்களே தட்டச்சு செய்து கொப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் தாளும் மண்ணெண்ணெயும் அரிதாகியிருந்தபோது, மங்கிய எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் கூட்டி வாசித்த தலைமுறை ஒன்று இந்த மாவட்டங்கள் அடங்கிய வன்னியில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்காவது தெளிவான எழுத்து கிடைக்க வேண்டும்.

எழுத்தைத் தெளிவாக்கும் முயற்சி புதிதல்ல. பழைய ஏட்டுச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. மொழி கைவந்தவர்களே அவற்றை வாசித்ததால் அது போதுமாயிருந்தது. கொம்பை ஒற்றை, இரட்டை என்று பிரித்த சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால் வழங்குகிறது. 1850ஐ ஒட்டி ஆறுமுக நாவலர் பாலபாடங்களை அச்சிட்டார். சந்தி பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் தமிழ் உரைநடையைக் கண்ணுக்கு இலகுவாக்கியவர் அவர்.

கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்து எழுத்துகள் நெருக்கினால், பெரிய எழுத்துகூடக் கலங்கித் தெரியும். பார்வையின் நடுவிலிருந்து விலக விலக இது கூடும். அந்த விலகலின் ஏறத்தாழப் பாதியளவு இடைவெளி எழுத்துகளுக்கு இடையே வேண்டும் என்று நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970இல் கண்டார். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புக் குறைபாடுள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தார்கள். தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே வேகம் கூடியது, பிழை குறைந்தது.

தமிழில் இதை அப்படியே செய்துவிட முடியாது. ‘கொ’ மூன்று துண்டுகளால் ஆன ஒரே எழுத்து. ஒலியில் பின்னால் வரும் உயிரின் கொம்பு, தாளில் முன்னால் நிற்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒலி பிடிபடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி எழுத்தாகவே பதிவாகும். கணினியில் இடைவெளியைக் கூட்டினால் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகிப் போகும். துண்டுகள் ஒட்டி நிற்க, எழுத்துகள் விலகி நிற்க வேண்டும். யுனிகோட் எழுத்துருவில் அடித்து, அச்சிடுமுன் கண்ணால் பார்ப்பது நல்லது. வரிகளுக்கு இடையிலும் தாராளமாக இடம் வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் ‘கு’, ‘பூ’ வால்கள் கீழ்வரியின் புள்ளியிலும் ‘கீ’யின் சுழியிலும் போய் முட்டும்.

எவ்வளவு இடம் விட்டாலும் தீராத சிக்கலும் உண்டு. கௌதாரி என்ற பறவையும் கெளிறு என்ற மீனும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவத்தில்தான் தொடங்குகின்றன. ளகரம் போலவே தெரியும் ஔகாரக் குறியின் வலப்பாதியைச் சற்றுச் சிறிதாக வரைந்தால் வேறுபாடு தெரியும். அப்படியோர் எழுத்துரு பள்ளிக்கூடக் கணினிக்கு வரும்வரை, முதலாண்டுத் தாள்களில் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் பறவையையும் மீனையும் வரைந்துவிடலாம்.